சொந்தக் கடையை விற்று, அதிலேயே வாடகைக்கு இருந்து தொழில் முதல் திரட்டுவது எப்படி?

காரைக்குடி செக்காலை சாலையில் சொந்தக் கட்டடத்தில் ஜவுளிக்கடை நடத்துபவரிடம் ஒரு கோடி ரூபாய்ச் சொத்து இருக்கும். தேவகோட்டையில் கிளை திறக்கக் கையில் பணம் இருக்காது. அந்தக் கட்டடத்தை ஒருவருக்குக் கிரயம் செய்து கொடுத்து, அன்றைக்கே அவரிடமிருந்து நீண்டகால வாடகைக்கு எடுத்து, கடையை ஒரு நாளும் மூடாமல் நடத்துவது இதற்கு ஒரு வழி. தீபாவளிச் சரக்கு எடுப்பதற்காக மட்டும் இதில் இறங்க வேண்டாம். அதற்குத் தேவைக்கேற்ப எடுத்துத் திருப்பிக் கட்டும் வங்கியின் ரொக்கக் கடனே (கேஷ் கிரெடிட்) போதும்.

முதலில் பத்திரங்களைப் பாருங்கள். செட்டிநாட்டில் பூர்வீகச் சொத்து என்றால் பங்காளிகள் பலர் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருப்பார்கள். பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா, அதிகாரப் பத்திரம் இன்னும் செல்லுமா, மனை கோயிலுக்கோ அறக்கட்டளைக்கோ உரியதா என்பதைத் தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று ஆகியவற்றோடு ஒப்பிட்டுத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

அடுத்தது கணக்கு, பெரும்பாலோர் அவசரப்படுவது இங்கேதான். விலை ஒரு கோடி, மாத வாடகை 60,000 ரூபாய் என்று கொள்வோம். ஆண்டுக்கு 7.2 லட்சம், அதாவது 7.2 சதவீதம் என்பதால் கடன் வட்டியைவிட மலிவாகத் தெரியும். ஆனால் வருமான வரியும் பிற செலவுகளும் போகக் கையில் நிற்பது 80 லட்சம் என்றால் அதே வாடகை 9 சதவீதம் ஆகிறது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை 15 சதவீத உயர்வு என்று எழுதியிருந்தால், ஏழாம் ஆண்டில் மாத வாடகை 79,350 ரூபாய். கையில் வந்த தொகைக்கு அது ஏறத்தாழ 12 சதவீதம். இடத்தின் விலை ஏறினால் அந்த ஆதாயமும் இனி உங்களுடையது அல்ல.

வருமான வரிக் கணக்கில் ஆண்டுதோறும் தேய்மானம் கழித்துவந்த கட்டடத்தை விற்று வரும் ஆதாயம், எத்தனை ஆண்டு வைத்திருந்தாலும், குறுகிய கால ஆதாயமாகவே கருதப்படும் என்பதால், நிலத்துக்கும் கட்டடத்துக்கும் விலையைத் தனித்தனியே பிரித்துக் காட்டுவது குறித்து ஆடிட்டரிடம் முன்பே பேசுங்கள். வாடகைக்குரிய 18 சதவீத ஜிஎஸ்டியை, உங்கள் விற்பனைக்குக் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவருக்கு அப்படிக் கழிக்க முடியாது, அது முழுச் செலவு. வாங்குபவர் வெளிநாடுவாழ் இந்தியராக இருந்தால், வாடகையில் வரி பிடித்துக் கட்டும் பொறுப்பும் உங்களுடையது.

விலையைவிட வாடகை ஒப்பந்தத்துக்கே அதிகம் உழையுங்கள். காலம், உயர்வு விகிதம், புதுப்பிக்கும் உரிமை, கூரை ஒழுகினால் யார் செலவு, இடையில் அவர் விற்க நினைத்தால் முதலில் உங்களிடம் கேட்க வேண்டும் என்ற நிபந்தனை ஆகிய அனைத்தும் கிரயத்துக்கு நாள் குறிப்பதற்கு முன்பே எழுத்தில் முடிவாகியிருக்க வேண்டும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும். வெறும் முத்திரைத்தாள் ஒப்பந்தம் உங்களைக் காக்காது. திரும்ப வாங்கும் நிபந்தனையைக் கிரயப் பத்திரத்திலேயே எழுதினால், சொத்துரிமை மாற்றச் சட்டப்படி அது விற்பனையா அடமானமா என்ற வழக்குக்கு இடம் கொடுக்கும் என்பதால், வழக்கறிஞர் ஆலோசனை இல்லாமல் அதைச் சேர்க்காதீர்கள்.

வாங்குபவர் வங்கிக் கடனில் வாங்குகிறார் என்றால், உங்கள் குத்தகையை ஏற்பதாக அந்த வங்கியிடம் எழுத்துமூலம் ஒப்புதல் பெற்ற பிறகே சார்பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்திடுங்கள். இரண்டு பத்திரங்களும் ஒரே நாளில் பதிவாகட்டும்.