பனிக்காலத்தில் பிள்ளைகளை வெளியே விடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரொறன்ரோவில் டிசம்பர் மாதத் தொடக்கத்தில், பள்ளிக்குப் போகும் வழியில் உறைந்து கிடக்கும் சிறு குட்டையொன்றின் அருகே நான்கு வயதுப் பிள்ளை நின்றுவிட்டால், நேரமாகிறது என்று கையைப் பிடித்து இழுத்துச் செல்வதே நம்மில் பலர் செய்யும் முதல் தவறு. மேற்பரப்பு முன்னதாக உறைந்துவிட, அடியிலிருந்த நீர் மெல்ல மண்ணுக்குள் வடிந்துவிடுவதால், வெண்மையாகத் தெரியும் அந்த மெல்லிய தகட்டின் கீழே பெரும்பாலும் காற்றுதான் இருக்கும். பிள்ளை குதிகாலால் மிதிக்கும்போது அது அப்பளம்போல நொறுங்குகிறது. உள்ளே தண்ணீரைக் காணாமல் பிள்ளை குனிந்து பார்க்கிறது. "தண்ணி எங்க போனது?" என்ற கேள்வி பிறப்பதற்கு அந்த ஐந்து நிமிடம் வேண்டும்.

கேள்வி வந்தவுடன் விடையைக் கொட்டிவிடுவது அடுத்த தவறு. பல ஆண்டுகள் பாலர் வகுப்பில் கற்பித்த எனக்கு, அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பதே மிகக் கடினமான வேலையாக இருந்தது. உடைந்த துண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வகுப்புக்கு வந்து, ஈரத்தை மட்டும் கண்ட பிள்ளைக்கு, உருகுதலைப் பற்றி நான் சொல்ல அதிகம் மிஞ்சவில்லை.

பனிமனிதன் செய்தே தீரவேண்டும் என்று பெரியவர்கள் திட்டமிடுவதும் வீண். கடுங்குளிரில் விழும் பனி உலர்ந்த மாவுபோல உதிரும். வெப்பநிலை 0 பாகையை ஒட்டியிருக்கும்போதுதான் அது உருண்டையாகப் பிடிபடும். இதைப் பிள்ளைகள் தாமாகவே இரண்டு நாளில் கண்டுகொள்வார்கள்.

தடிமன் பிடிக்கும் என்று வீட்டுக்குள்ளேயே வைத்திருப்பவர்கள், அதை வைரஸ் உண்டாக்குகிறது, குளிர்காற்று அல்ல என்பதை மறந்துவிடுகிறார்கள். ஆயினும் காற்றோடு சேர்ந்த குளிர் -28 பாகைக்கு இறங்கினால் திறந்த தோல் உறையத் தொடங்கும் என்பதால், அன்று வெளியே விடக்கூடாது. தெருவோரத்தில் பனிவாரி வண்டி குவித்த மேடுகளில் குடைந்து விளையாட எந்த நாளிலும் அனுமதிக்கக்கூடாது.

உடையில் நடக்கும் தவறு, தடித்த ஒரே மேலங்கிக்குள் பருத்திச் சட்டையை அணிவிப்பது. வியர்வையில் நனைந்த பருத்தி உடலைக் குளிரவைக்கும். கம்பளியோ செயற்கை இழையோ உள்ளே இருக்கட்டும். விளையாட்டுக் கருவிகளில் சிக்கிக் கழுத்தை இறுக்கக்கூடிய நீண்ட சால்வைக்குப் பதிலாகக் கழுத்துறை போதும். கையுறை கருநிறமாக இருந்தால், அதில் வந்து விழும் பனித்துகளின் ஆறு கைகளையும் பிள்ளையால் எண்ண முடியும். முதல் சோடி பத்து நிமிடத்தில் நனைந்துவிடும். பையில் இன்னொரு சோடி வையுங்கள்.