கடுகுவிதை வசனத்தைக் கையில் எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நோயாளிகளுக்காக ஜெபிக்கும் குழுவுக்குப் புதியவர்கள் வரும்போதெல்லாம், நாங்கள் ஆரம்பத்தில் செய்த கோளாறுகளை அச்சுப்பிசகாமல் அவர்களும் செய்கிறார்கள். செல்போனை அணைக்க மறப்பது, வசன எண்ணை மாற்றிச் சொல்வது எல்லாம் போகப்போகச் சரியாகிவிடும். கடுகுவிதையளவு விசுவாசம் இருந்தால் மலையும் பெயரும் என்று இயேசு சொல்லும் மத்தேயு 17:20-ஐக் கையாளும் விதம் அப்படிச் சரியாவதில்லை.

"உங்களுக்கு விசுவாசம் போதவில்லை" என்பது

இதைக் கேட்டால் இன்றும் எரிச்சல் வருகிறது. புற்றுநோய் சிகிச்சையில் இருந்த ஓர் அம்மாவிடம் புதிதாக வந்த தம்பி, "கடுகளவு விசுவாசம் இருந்தாலே மலை பெயரும்மா. இன்னும் சுகம் வரலைன்னா எங்கேயோ குறை இருக்கு, ஆராய்ஞ்சு பாருங்க" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். அதற்குப் பிறகு நாங்கள் போனால் அந்த அம்மா, "ஸ்தோத்திரம், நல்லா இருக்கேன்" என்பதோடு நிறுத்திக்கொண்டார். வலிக்கிறது என்று சொன்னால் அவிசுவாசம் ஆகிவிடுமோ என்ற பயம். நர்ஸிடமும் வலியை மறைத்திருக்கிறார். மகள் சொல்லித்தான் தெரிந்தது. ஜெபிக்கப் போன இடத்தில் ஒருவருடைய வாயை அடைத்துவிட்டு வந்திருக்கிறோம்!

அந்த வசனம் யாரிடம் சொல்லப்பட்டது? தம் தோற்றம் ஒளிமயமாக மாறிய மறுரூப மலையிலிருந்து இயேசு இறங்கி வருகிறார். கீழே நோயுற்ற மகனோடு ஒரு தகப்பன். குணமாக்க முயன்று தோற்றுப்போன சீஷர்கள். "எங்களால் ஏன் முடியவில்லை" என்று தனியே வந்து கேட்டவர்கள் சீஷர்கள். அவிசுவாசம் என்ற கண்டிப்பும், அதைத் தொடர்ந்து வரும் கடுகுவிதையும் அவர்களுக்கே. அதாவது, ஜெபிக்கப் போன நமக்கு. படுத்துக் கிடந்த பிள்ளையிடம் யாரும் விசுவாசக் கணக்குக் கேட்கவில்லை.

தகப்பனிடம் இயேசு விசுவாசத்தைப் பற்றிப் பேசியது உண்மைதான். அவர் சொன்ன பதிலை மாற்கு 9:24-ல் பாருங்கள்: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே! என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." ஒரே மூச்சில் இரண்டும். சந்தேகத்தைத் தீர்த்துக்கொண்டு வா என்று அவரைத் திருப்பி அனுப்பவில்லை; மகன் எழுந்து நின்றான்.

லூக்கா 17-ல் அப்போஸ்தலர்கள் தங்கள் விசுவாசத்தைப் பெருகச் செய்யும்படி கேட்கிறார்கள். அங்கேயும் பதில் கடுகுதான். கூட்டித் தரச் சொன்னவர்களுக்கு, விரல் நுனியில் ஒட்டினால் தெரியாத விதையைக் காட்டுகிறார். மலையைப் பெயர்ப்பவர் தேவன் என்றால், நம்புகிறவனுடைய அளவு அங்கே எதற்கு? இவ்வளவு சின்னது போதும் என்று அவர் காட்டியதை எடுத்து, "இதுகூட உன்னிடம் இல்லையா" என்று நோயாளியின் மேல் எறிகிறோம்.

நம்பவே திராணி இல்லாமல் ஒருவர் கிடந்தால்? மாற்கு 2-ல் நடக்க முடியாத திமிர்வாதக்காரனை நாலுபேர் சுமந்து, கூரையைப் பிரித்து இறக்கினார்கள். இயேசு கண்டது "அவர்கள் விசுவாசத்தை". சுமக்கிற வேலை நம்முடையது. அந்தத் தம்பிக்கு நான் சொன்னது இவ்வளவே: அடுத்த முறை போனால் முதலில் "எங்கேம்மா வலிக்குது?" என்று கேளுங்கள், கேட்டதைச் சொல்லி ஜெபியுங்கள்.

சுகமாகாததை எல்லாம் அவிசுவாசத்தின் கணக்கில் எழுதுவது

மாம்சத்தில் தைத்த முள் என்று தான் சொன்ன உபத்திரவம் நீங்க அப்போஸ்தலன் பவுல் மூன்று தரம் வேண்டிக்கொண்டார். "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில் வந்தது, முள் போகவில்லை. தன் உடன் ஊழியர் துரோப்பீமுவை மிலேத்து என்ற ஊரில் நோயாளியாகவே விட்டுவந்ததாக அவரே எழுதுகிறார் (2 தீமோத்தேயு 4:20). பவுலிடம் கடுகளவு இல்லை என்பீர்களா?

மருந்தை நிறுத்தச் சொல்வது

கூடவே கூடாது. தன் உடன் ஊழியர் தீமோத்தேயுவின் வயிற்றுக்கு மருந்தாகப் பவுல் சொன்னது கொஞ்சம் திராட்சரசம்.

தன் விசுவாசத்தையே அளந்துகொண்டிருப்பது

கடலின்மேல் நடந்த பேதுரு பயந்து அமிழ்ந்தபோது இயேசு முதலில் கையை நீட்டிப் பிடித்தார். "அற்பவிசுவாசியே" என்றது அதற்குப் பிறகு.

ஜெபத்தை நீட்டுவது

படுத்திருப்பவர் களைத்துவிடுவார். சுருக்கமாக முடியுங்கள்.