ஃபேக்டோரியல் ட்ரையல் போடறவங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரகம், பாசனம் மாதிரி ரெண்டு மூணு விஷயத்தை (இதுதான் ஃபேக்டர்) ஒரே வயல் சோதனையில சேத்துப் பாக்கறதுதான் ஃபேக்டோரியல் ட்ரையல். தீசிஸ் எழுதற நேரம் வந்துட்டா ஆத்தூர், வாழப்பாடி பக்கம் ட்ரையல் போட்ட பசங்க டேட்டாவைத் தூக்கிட்டு வந்து "அக்கா, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க"ன்னு நிப்பாங்க. பாத்தா எங்க செட் அந்தக் காலத்துல பண்ணின அதே தப்புங்க. ரேண்டமைஸ் பண்ணுங்க, லேபிள் ஒழுங்கா கட்டுங்கன்னு எல்லாம் இங்க சொல்லப் போறதில்ல, அதை உங்க கைடே சொல்லியிருப்பாங்க.

ஒவ்வொரு ஃபேக்டரா தனித்தனியா பாக்கறது

முதல் வருஷம் ரகம், அடுத்த வருஷம் பாசனம்னு போனா ரெண்டும் சேந்தா என்ன ஆகும்னு கடைசி வரைக்கும் தெரியாது. இங்கிலாந்துல ரோத்தம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்துல இருந்த புள்ளியியல் நிபுணர் ஃபிஷர் 1926லயே இதை எழுதிட்டாரு, ஒரே ட்ரையல்ல எல்லா காம்பினேஷனையும் வைங்கன்னு.

இன்டராக்ஷன் இருக்கறப்போ சராசரியை மட்டும் எழுதறது

ஒரு ஃபேக்டரோட பலன் இன்னொண்ணைப் பொறுத்து மாறினா அதுதான் இன்டராக்ஷன். இதுக்குத்தான் எனக்கு இன்னும் கோவம் வருது. மரவள்ளில ரெண்டு ரகம், மானாவாரி ஒண்ணு, சொட்டுநீர் ஒண்ணு, மொத்தம் நாலு ட்ரீட்மென்ட்னு வைங்க. கணக்கு புரியறதுக்காக நானே போட்ட நம்பர் இது, ஏக்கருக்கு டன்ல. முதல் ரகம் மானாவாரில 18, சொட்டுநீர்ல 34. ரெண்டாவது ரகம் மானாவாரில 28, சொட்டுநீர்ல 26. இப்ப சராசரி எடுங்க, முதல் ரகம் 26, ரெண்டாவது 27. உடனே ரிசல்ட் சாப்டர்ல "ரகங்களுக்குள்ள வித்தியாசம் இல்ல, சொட்டுநீர் 7 டன் கூட தருது"ன்னு எழுதிடறாங்க, வித்தியாசம் நிஜமா தற்செயலான்னு பிரிச்சுக் காட்டற அனோவா டேபிள்ல இன்டராக்ஷன் வரிக்கு நேரா 'இது நிஜம்'னு சொல்ற ரெண்டு ஸ்டார் இருக்கும், அதைப் பத்தி ஒரு வார்த்தை இருக்காது.

அந்த 7 டன் எந்த வயல்லயும் விளையல. முதல் ரகத்துக்கு சொட்டுநீரால 16 கூடுது, ரெண்டாவதுக்கு 2 குறையுது, இந்த 16க்கும் மைனஸ் 2க்கும் நடுவுல இருக்கற 18 டன் வித்தியாசம்தான் இந்த ட்ரையல் கண்டுபிடிச்ச விஷயமே. ஒரு வயல் விழாவுல இதே மாதிரி ரிசல்ட்டை ஒரு பையன் படிச்சான், முன்னாடி உக்காந்திருந்த பெரியவர் எழுந்து "எங்க கெணத்துல தண்ணியே இல்லீங்களே தம்பி, நான் எதை நடட்டும்?"னு கேட்டாரு, பையன் "எது நட்டாலும் ஒண்ணுதாங்க ஐயா"ன்னுட்டான். பதில் அவன் கையில இருந்த பேப்பர்லயே இருந்துச்சு. மேல இருக்கற நம்பர்ல பாத்தா அந்த ஒரு வார்த்தை ஏக்கருக்கு 10 டன் நட்டம், மரவள்ளி 10 மாசப் பயிர், தப்பு தெரியறதுக்குள்ள ஒரு வருஷம் போயிடும். சேகோ (ஜவ்வரிசி) ஃபேக்டரிக்கு லோடு அனுப்பிக் கடன் கட்டற மனுஷனுக்கு இது சின்ன விஷயம் இல்ல.

அதனால இன்டராக்ஷன் சிக்னிஃபிகன்ட்டா (தற்செயல்னு தள்ள முடியாத மாதிரி) வந்தா முதல்ல நாலு ட்ரீட்மென்ட்டோட சராசரியையும் கிராஃப்ல போடுங்க, ரகத்துக்கு ஒரு கோடு. கோடு ரெண்டும் வெட்டிக்கிட்டா மெயின் எஃபெக்டைப் (ஒரு ஃபேக்டரோட மொத்த சராசரி பலன்) பத்திப் பேசறதை நிறுத்திட்டு, மானாவாரில எந்த ரகம், சொட்டுநீர்ல எந்த ரகம்னு தனித்தனியா சொல்லுங்க. கோடு வெட்டிக்காம விரிஞ்சு மட்டும் போனா மெயின் எஃபெக்ட்டையும் சொல்லலாம், ஆனா எங்க எவ்ளோன்னு பிரிச்சுச் சொல்லணும்.

இன்னொண்ணு, ரெண்டு சராசரியை ஒப்பிடற டீ டெஸ்ட்டை ரகத்துக்கு ஒண்ணுன்னு போட்டு "ஒண்ணுல சிக்னிஃபிகன்ட், இன்னொண்ணுல இல்ல, அப்ப இன்டராக்ஷன் இருக்கு"ன்னு எழுதறதும் தப்பு, அந்த வித்தியாசத்தையே நேரா டெஸ்ட் பண்ணணும். அதே மாதிரி 2×2ல (ரெண்டு ஃபேக்டர், ஒவ்வொண்ணுலயும் ரெண்டு நிலை) அந்த வித்தியாசத்தோட ஸ்டாண்டர்ட் எரர், அதாவது கணக்கு எவ்ளோ தடுமாறும்ங்கற அளவு, மெயின் எஃபெக்டோடதை விட ரெண்டு மடங்கு. அதனால கம்மி ரெப்ளிகேஷன் (ஒவ்வொரு ட்ரீட்மென்ட்டையும் தனித்தனி பிளாட்ல திரும்ப வைக்கறது) வெச்சுட்டு "இன்டராக்ஷன் வரல"ன்னா இல்லவே இல்லன்னு அர்த்தம் கிடையாது, உங்க ட்ரையலுக்கு அதைப் புடிக்கற அளவு தெம்பு இல்லாமலும் இருந்திருக்கலாம்.

ஒரே பிளாட்ல 10 செடி அளக்கறது

அது 10 ரெப்ளிகேஷன் இல்ல. ஒண்ணுதான்.

சொட்டுநீர் மெயின் பிளாட்ல, அனாலிசிஸ் ஆர்பிடில

லேட்டரல் பைப்பைப் பெரிய பெரிய பட்டையாத்தான் (இதுதான் மெயின் பிளாட்) இழுக்க முடியும், அதுக்குள்ள ரகத்தைப் பிரிச்சு நடுவீங்க. அப்படி நட்டா அது ஸ்ப்ளிட் பிளாட், பாசனத்துக்குத் தனி எரர் (பிளாட்டுக்குப் பிளாட் தற்செயலா வர்ற வித்தியாசம்), ரகத்துக்குத் தனி எரர். ரெண்டையும் ஒண்ணா சேத்து ஆர்பிடி (ஒவ்வொரு பிளாக்லயும் எல்லா ட்ரீட்மென்ட்டையும் கலைச்சு வைக்கற டிசைன்) மாதிரி போட்டா பாசனம் சும்மாவே சிக்னிஃபிகன்ட்னு காட்டிடும். எப்படி நட்டீங்களோ அப்படித்தான் அனாலிசிஸ்.

ஏற்காட்டுல பிளாக் பிரிக்கறது

பிளாக்னா ஒரே மாதிரி இருக்கற நிலப் பகுதி. காபித் தோட்டத்துல மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே பிளாக்கா நீட்டாதீங்க, மேல மண்ணு ஆழம் ஒண்ணு, கீழ ஈரம் ஒண்ணு. சரிவுக்குக் குறுக்கால, ஒரே உயரத்துல ஒரு பிளாக் வரணும். சில்வர் ஓக் நிழல் ஒரு பக்கம் அடர்த்தியா இருந்தா அதையும் பாத்துக்கங்க.

ஃபேக்டரை அடுக்கறது

3×4×3ன்னா 36 ட்ரீட்மென்ட், 3 ரெப்ளிகேஷன்னா 108 பிளாட். ஆள் இருக்கா?

எரர் டிஎஃப் பாக்காம நடறது

நடறதுக்கு முன்னாடியே அனோவா டேபிளை வெறுமனே எழுதிப் பாருங்க. எரர் டிஎஃப் (எரரைக் கணக்குப் போட மிஞ்சற டிகிரி ஆஃப் ஃப்ரீடம்) 12க்கு கீழ போகக்கூடாதுன்னு நம்ம ஊர்ல சொல்லிக் குடுக்கறது வழக்கம். 2×2ஐ ஆர்பிடில 4 ரெப்ளிகேஷனோட போட்டா 9தான் வரும், 5 வெச்சாத்தான் 12. அந்த நாலு பிளாட்டுக்கு எடம் இருக்கான்னு கரணை வெட்டறதுக்கு முன்னாடியே வயலை அளந்துக்கங்க.