பீட்ரூட் உண்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பீட்ரூட்டைப் பற்றிய தவறுகளில் முதன்மையானது, அதன் நிறத்தைப் பார்த்து அது ரத்தத்தை ஊறச் செய்யும் என்று நம்பி, ரத்தசோகைக்கு மருத்துவர் எழுதித் தந்த இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்திவிடுவது. 100 கிராம் பச்சை பீட்ரூட்டில் இருக்கும் இரும்பு ஏறத்தாழ 0.8 மில்லிகிராம் மட்டுமே. அந்தச் சிவப்பு பீட்டாலைன் என்னும் நிறமியால் வருவதே தவிர, இரும்பால் அன்று. அதில் நிறைவாக இருப்பது ஃபோலேட் என்னும் பி வகை வைட்டமின். அதே 100 கிராமில் சுமார் 109 மைக்ரோகிராம் கிடைக்கும். ஆனால் அது இரும்புக் குறைவை ஈடு செய்யாது.

பீட்ரூட் உண்டபின் சிறுநீர் சிவந்திருப்பதைக் கண்டு பதறுவோர் உண்டு. ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இப்படி நேர்கிறது, அதனால் தீங்கில்லை. எனக்குக் கவலை தருவது இதன் மறுபக்கம்தான்: பீட்ரூட்டை நிறுத்தி இரண்டு மூன்று நாள் ஆன பின்னும் சிறுநீரோ மலமோ சிவப்பாகவே போகும்போது, பழியை அதன்மேல் போட்டுவிட்டு வாளாவிருப்பது. அது உண்மையிலேயே ரத்தமாக இருக்கக்கூடும். உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பீட்ரூட் ரத்த அழுத்தத்தை ஓரளவு குறைக்கும் என்பது மெய்யே. பீட்ரூட்டின் நைட்ரேட்டை நாக்கிலுள்ள பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாக மாற்ற, உடல் அதை நைட்ரிக் ஆக்சைடாக்கி ரத்தக் குழாய்களைத் தளர்த்துகிறது. கிருமிநாசினித் திரவத்தால் அடிக்கடி வாய் கொப்பளிப்பவர்கள் அந்தப் பாக்டீரியாக்களை அழித்து, இந்தப் பலனையும் பெரிதும் இழக்கிறார்கள். பீட்ரூட்டை நம்பி ரத்த அழுத்த மாத்திரையைக் கைவிடுவது ஆபத்து. ஏற்கெனவே அழுத்தம் தாழ்ந்தவர்கள் தினமும் சாறு குடித்தால் தலைசுற்றல் வரலாம். சாறாக வடிகட்டினால் நார்ச்சத்து போய்ச் சர்க்கரை மிஞ்சுவதால், நீரிழிவு உள்ளவர்கள் காயாகவே உண்பது நல்லது.

கால்சியம் ஆக்சலேட் வகைச் சிறுநீரகக் கல் வந்தவர்கள் கிழங்கை மட்டும் குறைத்துவிட்டு பீட்ரூட் கீரையைத் தாராளமாக உண்கிறார்கள். ஆக்சலேட் கீரையில்தான் இன்னும் மிகுதி. சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்குப் பொட்டாசியமும் ஒரு சுமை. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு பீட்ரூட்டைக் கொடுக்கவே கூடாது.

சமைப்பதிலும் ஒரு தவறு நடக்கிறது. தோல் சீவி நறுக்கி வேகவைத்துச் சிவந்த நீரைக் கொட்டினால், நிறமியும் நைட்ரேட்டும் ஃபோலேட்டில் ஒரு பகுதியும் அதனோடு போய்விடும். காம்பில் இரண்டு விரற்கடை விட்டு, தோலோடு முழுதாக வேகவைத்தால், ஆறியபின் விரலால் அழுத்தித் தேய்த்தாலே தோல் வழுக்கிக்கொண்டு கழன்று வரும்.