ஜெர்மனியில் துணி ஆர்டர் செய்யும் முன் டேப்பை எடுங்கள்

ஊரிலிருந்து இன்னும் கிளம்பவில்லை என்றால் பெட்டியில் ஒரு தையல் டேப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் இஞ்ச், மறுபக்கம் சென்டிமீட்டர் இருக்குமே, அதேதான். வந்து சேர்ந்துவிட்டீர்கள் என்றால் இங்கேயே ஒன்று வாங்கிவிடுங்கள். குளிர் தொடங்கியதும் எல்லோரும் அவசர அவசரமாக ஆர்டர் போடுகிறோம், பணமும் நேரமும் அங்கேதான் வீணாகிறது. நான் வந்த வருஷம், ஊரில் 38 சைஸ் குர்தி போட்ட பழக்கத்தில் இங்கேயும் 38 என்று ஒரு கோட் ஆர்டர் செய்தேன். கை நுழைந்தது, நெஞ்சில் பட்டன் சேரவே இல்லை. அக்டோபர் கடைசி, வெளியே ஐந்து டிகிரி, அடுத்த கோட் வரும்வரை இரண்டு ஸ்வெட்டரை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன்.

ஊரில் குர்தியில் இருக்கும் 38 என்பது இஞ்ச் கணக்கு, மார்புச் சுற்றளவு. இங்கே பெண்கள் உடையில் 38 என்றால் மார்பு 88 செ.மீ. உள்ளவருக்கானது. ஆனால் 38 இஞ்ச் என்பது 96.5 செ.மீ. ஆகிறது, எப்படிச் சேரும்? கணக்கு இதுதான்: மார்புச் சுற்றளவை சென்டிமீட்டரில் அளந்து, பாதியாக்கி, அதில் 6 கழியுங்கள். 96 என்றால் பாதி 48, ஆறு போக 42. அப்படியானால் நீங்கள் தேட வேண்டியது 42. வந்த இடத்தில் குண்டாகிவிட்டோமோ என்று கவலைப்பட வேண்டாம். ஆண்களுக்கு பாதியோடு கணக்கு முடிந்தது: மார்பு 100 செ.மீ. என்றால் கோட்டும் ஜாக்கெட்டும் 50. ஃபார்மல் சட்டைக்கு மட்டும் கழுத்துச் சுற்றளவு பார்க்க வேண்டும், அது 39/40, 41/42 என்று செ.மீ.யிலேயே இருக்கும்.

இன்னொரு சிக்கல், இந்த எண்கள் ஐரோப்பா முழுக்க ஒன்று கிடையாது. ஜெர்மனியின் 38 பிரான்சில் 40, இத்தாலியில் 44. சைஸ் எந்த நாட்டுக் கணக்கு என்று பார்க்காமல் வெறும் எண்ணை வைத்து எடுத்தால் மாட்டிக்கொள்வீர்கள்.

சரி, அளப்பது எப்படி? இங்கே நம் மொழியே கொஞ்சம் குழப்பும். நாம் எல்லாவற்றையும் 'இடுப்பு' என்று சொல்லிவிடுகிறோம், ஜெர்மன் அளவுப் பட்டியலிலோ இரண்டு இடுப்பு இருக்கும். 'டாலியெ' என்பது தொப்புளுக்குக் கொஞ்சம் மேலே உடம்பு ஒடுங்கும் இடம். 'ஹ்யுஃப்டெ' என்பது பின்புறம் மிக அகலமாக இருக்கும் இடம். பாவாடை நாடா கட்டும் இடம் இரண்டுக்கும் நடுவில் வரும், அதை அளந்து எழுதினால் இரண்டுமே தப்பாகிவிடும். மெல்லிய உடுப்போடு நில்லுங்கள், வயிற்றை உள்ளே இழுக்காதீர்கள், முதுகுப் பக்கம் டேப் கீழே இறங்காமல் வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். மார்பு, டாலியெ, ஹ்யுஃப்டெ, தொடை இடுக்கிலிருந்து கணுக்கால்வரை உள்கால் நீளம், பாதத்தின் நீளம், இந்த ஐந்தையும் போனில் குறித்து வைத்துக்கொண்டால் போதும். பட்டியலில் இருப்பது பெரும்பாலும் உங்கள் உடம்பு அளவு, துணியின் அளவு கிடையாது. அதனால் 'லூசாக இருக்கட்டும்' என்று நீங்களாக நாலு செ.மீ. கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை.

நம்மில் பலருக்கு அளவைவிட நீளம்தான் பெரிய தொல்லை. பெண்களுக்கான சாதாரண சைஸ்கள் சுமார் 168 செ.மீ. உயரத்தை வைத்து வெட்டியவை. 155 உயரம் உள்ளவர் சரியான சைஸ் எடுத்தாலும் கை விரல்வரை வரும், பேன்ட் தரையைக் கூட்டும். இதற்கு இங்கே 'குர்ட்ஸ்க்ரோசெ' என்று குட்டை அளவுகள் தனியாக உண்டு, பல வருஷம் இருக்கிறவர்களுக்கே இது தெரிவதில்லை. எண் பாதியாகும்: 38-இன் குட்டை வடிவம் 19, 42-க்கு 21. ஆண்களுக்கும் அப்படியே, 50-க்கு 25, ஆனால் அது குள்ளமாகவும் கொஞ்சம் பருமனாகவும் இருப்பவர்களுக்கான வெட்டு. 94, 98, 102 என்று ஆண்கள் கோட்டில் பார்த்தால் அது உயரமான ஒல்லி ஆட்களுக்கு. ஜீன்ஸில் இரண்டு எண் இருக்கும், முதலாவது இடுப்பு, இரண்டாவது உள்கால் நீளம், இரண்டுமே இஞ்சில். ஊரில் கடையிலேயே மடித்துத் தைத்துத் தருவார்கள் என்பதால் இரண்டாவது எண்ணை நாம் கவனித்ததே இல்லை. இங்கே தையல் கடையில் அதற்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டும்.

குழந்தைகள் துணி நிம்மதி. வயதை மறந்துவிடுங்கள், சைஸ் என்பதே குழந்தையின் உயரம்: 92, 98, 104, 110 என்று ஆறு ஆறு செ.மீ.யாகக் கூடும். பிள்ளை ஒல்லி என்றால் இடுப்புக்குள் பட்டன் வைத்த எலாஸ்டிக் உள்ள பேன்டாகப் பாருங்கள், இழுத்து மாட்டிக்கொள்ளலாம். பனியில் விளையாடும் உடுப்பு மட்டும் ஒரு சைஸ் கூட, உள்ளே கனமான துணி போட வேண்டுமே. பெரியவர்களுக்கும் அதே பேச்சுத்தான், குளிர் ஜாக்கெட் வந்ததும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு அதன்மேல் மாட்டிப் பாருங்கள், கையை முன்னால் நீட்டும்போது முதுகு இழுக்கக் கூடாது. பிராவில் ஊர் 34 இங்கே 75, 36 என்றால் 80. ஷூவில் ஊர் 8 இங்கே ஏறக்குறைய 42. நம் அகலப் பாதங்களுக்கு அகல எழுத்தையும் பாருங்கள்: 'G' என்றால் சாதாரண அகலம், 'H' என்றால் கூடுதல் அகலம்.

இவ்வளவு பார்த்தும் சரியாக அமையாது என்று சந்தேகம் வந்தால் இரண்டு சைஸ் வரவழைத்து, பொருந்தாததைத் திருப்பிவிடுங்கள். ஆன்லைனில் வாங்கியதைக் கையில் கிடைத்த நாளிலிருந்து 14 நாளுக்குள் காரணம் சொல்லாமல் ரத்து செய்யும் உரிமை உங்களுக்கு உண்டு, யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. ஆனால் ரத்து செய்கிறேன் என்று தெளிவாகத் தெரிவிக்க வேண்டும், பார்சலை மட்டும் அனுப்பினால் போதாது. அனுப்பும் செலவு யாருடையது என்பதையும் முன்பே பாருங்கள், சட்டப்படி உங்கள் தலையில் வைக்க அவர்களுக்கு இடம் இருக்கிறது. அப்புறம், லேபிளை வெட்டாதீர்கள், துவைக்காதீர்கள். கடையில் நேரில் வாங்கிய துணிக்கு இந்த உரிமை கிடையாது, அங்கே மாற்றித் தருவது கடைக்காரர் மனசு.

உங்கள் அளவுக்கென்று தைத்த புடவை ஜாக்கெட்டுக்கும் இந்த ரத்து உரிமை பொருந்தாது. தீபாவளிப் புடவைக்கு ஊரில் ஜாக்கெட் தைத்து வரவழைப்பதாக இருந்தால், சரியாகப் பொருந்தும் பழைய ஜாக்கெட் ஒன்றை அங்கேயே தையல்காரரிடம் விட்டுவிட்டு வாருங்கள், அக்குளில் இரண்டு இஞ்ச் உள்தையல் விடச் சொல்லுங்கள். வருகிற பார்சலுக்கு இறக்குமதி வரியும் உண்டு, 22 யூரோவரை இருந்த சலுகை 2021 ஜூலையோடு போய்விட்டது.