மூக்கு ஒழுகினா கையை நிறுத்திடுங்க: வயிறு பைபாஸுக்குப் பிறகு சாப்பிடப் பழகுறது எப்படி

நாமக்கல்லில் பைபாஸ்னு சொன்னா ரெண்டே அர்த்தம்தான். ஒண்ணு லாரி போற ரோடு, இன்னொண்ணு நெஞ்சு ஆபரேஷன். நான் பண்ணிக்கிட்டது மூணாவது. 131 கிலோ எடை, 12 வருஷ சர்க்கரை, மாடிப்படி ஏறினா மூச்சு இரைப்பு. மூணு வருஷத்துக்கு முன்னாடி வயித்துக்கு பைபாஸ் பண்ணிக்கிட்டேன். லாரி உதிரி பாகக் கடை வச்சிருக்கேன். சாப்பாடு எனக்கு எப்பவும் பத்து நிமிஷ வேலை. ஒரு கையில் போன், ஒரு கையில் சோறு, வாசலில் ஸ்பிரிங் பட்டை கேட்டு நிக்கிற டிரைவர்.

எடை குறையறதைப் பத்தி எல்லாரும் பேசுறாங்க. ஒரு வாய் சோறு நெஞ்சுக்குள்ள நின்னுக்கிட்டு மேலேயும் வராம கீழேயும் போகாம இருக்கும்போது என்ன பண்ணணும்னு யாரும் சொல்லலை. அதுக்காகத்தான் இதை எழுதறேன். ஆஸ்பத்திரியில் உங்களுக்குக் கொடுத்த உணவுச் சீட்டுதான் முதல் சட்டம். நான் சொல்றது அந்தச் சீட்டில் இல்லாத மிச்சம்.

முதலில் உள்ளே என்ன மாறியிருக்குன்னு புரிஞ்சுக்கணும். பைபாஸில் இரைப்பையோட மேல்பகுதியில் சுமார் 30 மில்லி பிடிக்கிற ஒரு சின்னப் பையை மட்டும் பிரிச்சு, அதை நேரா சிறுகுடலோட இணைச்சுடறாங்க. கோழி முட்டைக்கும் கொஞ்சம் சின்னது அந்தப் பை. அது குடலோட சேர்ற வாய் ஒரு விரல் தடிமன் கூட இருக்காது. சரியா மெல்லாத கறித்துண்டு அங்கே போய் நின்னா, ஒத்தை வழிப் பாலத்தில் டிரெய்லர் மாட்டின கதைதான். ஸ்லீவ்னு இன்னொரு எடை குறைப்பு ஆபரேஷன் இருக்கு, அதைப் பண்ணிக்கிட்டவங்களுக்கு இரைப்பையில் முக்கால் பங்கை எடுத்துட்டு நீளமா ஒரு குழாய் மாதிரி விடுவாங்க. அவங்களுக்கும் அடைப்பு, குமட்டல் எல்லாம் உண்டு.

எனக்கு முதல் தடவை அடைச்சது ஆறாவது வாரம். மெத்துனு இருக்கிற சாப்பாடு ஆரம்பிக்கலாம்னு சொல்லியிருந்தாங்க. அம்மா நாட்டுக்கோழி அடிச்சு, நெஞ்சுக்கறியா பார்த்து நாலு துண்டு வச்சாங்க. ரெண்டாவது துண்டுலேயே நெஞ்சு நடுவில் கல்லு வச்ச மாதிரி ஆச்சு. பழக்க தோஷம், ஒரு டம்ளர் தண்ணி குடிச்சேன். அதுதான் நான் பண்ணின பெரிய தப்பு. வாயெல்லாம் எச்சில் நுரை நுரையா ஊறி, வாஷ்பேசினைப் பிடிச்சுக்கிட்டு அரை மணி நேரம் நின்னேன்.

அடைச்சுக்கிட்டா செய்ய வேண்டியது இதுதான். உடனே சாப்பாட்டை நிறுத்துங்க. "இந்த ஒரு வாய் மட்டும்" கிடையாது. தண்ணி குடிச்சுத் தள்ளப் பார்க்காதீங்க. வழி அடைச்சிருக்கும்போது மேலே ஊத்துறது எல்லாம் அங்கேயே தேங்கும், வலி கூடும். எழுந்து நில்லுங்க, மெதுவா நடங்க, இடுப்புக் கயிறு வேட்டி எதுவா இருந்தாலும் தளர்த்திடுங்க. ஊறுற நுரையை முழுங்காம துப்பிடுங்க. பெரும்பாலும் அரை மணி, ஒரு மணி நேரத்தில் தானா இறங்கிடும், இல்லேன்னா வெளியே வந்துடும். விரலை விட்டு வாந்தி எடுக்கிறது வேண்டாம். அடைப்பு விட்ட பிறகு அன்னிக்குப் பூரா மோரும் வடிகட்டின சூப்பும் போதும், உள்ளே அந்த இடம் வீங்கியிருக்கும். நான் அன்னிக்கு ராத்திரியே தோசை கேட்டு, மறுபடியும் வாஷ்பேசினுக்குப் போனேன்.

வயிறு நிறைஞ்சா தெரியாதான்னு கேப்பீங்க. பழைய மாதிரி தெரியாது. ஏப்பம் விட்டு, வயித்தைத் தடவி, "அப்பாடா"ன்னு சாயறதெல்லாம் முடிஞ்ச கதை. இப்போ அறிகுறியே வேற. எனக்கு மூக்கு ஒழுகும். சளி இல்லை, காரமும் இல்லை, சும்மா தண்ணி மாதிரி ஒழுகும். எனக்கு முன்னாடி ஆபரேஷன் பண்ணிக்கிட்ட ஒரு அக்காவுக்கு விக்கல். தும்மல் வர்றவங்களும் இருக்காங்க. சிலருக்கு ரெண்டு மாருக்கும் நடுவில் லேசா ஒரு கனம். உங்க வயிறு எதை வச்சு மணி அடிக்குதுன்னு முதல் ரெண்டு மாசத்தில் கண்டுபிடிச்சுக்கோங்க. மணி அடிச்ச பிறகு ஒரு வாய் கூட உள்ளே போகக் கூடாது. அடைப்பு, வாந்தி, வலி எல்லாமே எனக்கு அந்த ஒத்தை வாயிலதான் வந்திருக்கு.

வேகத்தைக் குறைக்கிறது சொல்றதுக்கு சுலபம். 45 வருஷமா அவசரத்தில் சாப்பிட்ட ஆளுக்கு 25 நிமிஷத்தில் ஆறு ஸ்பூன் சாப்பிடுன்னா எப்படி முடியும்? நான் பண்ணினது, பொண்ணு கைக்குழந்தையா இருந்தப்போ பால் புகட்டின பாலாடை பரணில் கிடந்துச்சு, அதை எடுத்துக் கழுவி வச்சுக்கிட்டேன். பருப்புத்தண்ணி, மோர், சூப்னு இருந்த ரெண்டு வாரமும் அதில்தான். டம்ளரில் ஊத்தினா கை தானா கவுத்துடும், பாலாடையில் மடக்கு சின்னதா வரும். திட உணவு வந்ததும் சர்க்கரை டப்பாவில் போடற சின்ன ஸ்பூனுக்கு மாறினேன். ஒரு வாய் போட்டதும் ஸ்பூனைக் கீழே வைக்கணும், வாயில் இருக்கிறது கூழாகிற வரைக்கும் தொடக் கூடாது. பொண்ணு காலேஜில் படிக்கிறா, ரெண்டு மாசம் எதிரில் உக்காந்து "அப்பா, ஸ்பூன்"னு மிரட்டினா. கடையில் சாப்பிடறதை அடியோட நிறுத்திட்டேன். போன் பக்கத்தில் இருந்தா மெல்ல மறந்துடுது.

தண்ணி விஷயம் நம்ம ஊருக்கு ரொம்பக் கஷ்டம். இலை போட்டதும் முதல்ல வைக்கிறதே தண்ணி டம்ளர்தான். சாப்பாட்டோட தண்ணி கூடாது. சாப்பிட்டு முடிச்சு அரை மணி நேரம் கழிச்சுத்தான். ஆனா நாள் பூரா சேர்த்து ஒன்றரை லிட்டராவது போயாகணும். இல்லேன்னா தலைசுத்தல், மலச்சிக்கல், சமயத்தில் சிறுநீரகக் கல் வரைக்கும் போகும். கடையில் பில் புஸ்தகம் பக்கத்திலேயே பாட்டில். ஒவ்வொரு பில்லுக்கும் ரெண்டு மடக்கு. வியாபாரம் மந்தமான நாளில் தண்ணியும் குறைஞ்சுடும், அது வேற விஷயம்.

அடுத்தது, எது இறங்கும் எது இறங்காது. எனக்கு அடைச்சது: காய்ஞ்ச கோழிக்கறி, பிரெட், ஆறின சப்பாத்தி, உதிரி உதிரியா வடிச்ச வெள்ளைச் சோறு, சக்கையோட ஆரஞ்சு. புரோட்டாவை நான் முயற்சி பண்ணவே இல்லை. சுலபமா இறங்கினது: மீன், பஞ்சு மாதிரி பன்னீர், தயிர், கடைசல். இந்தக் கடைசலைப் பத்தித் தனியா சொல்லணும். கூழ் மாதிரி மசிச்சதைச் சாப்பிடுங்கன்னு சீட்டில் போட்டிருந்ததைப் பார்த்துட்டு என் வீட்டுக்காரி மிக்ஸியை எடுத்தா. அம்மா சிரிச்சாங்க. "பச்சப்பயிறக் கடஞ்சு போட்டா அதேதான சாமி?"ன்னாங்க. நிஜமா அதேதான். கொள்ளு, பச்சைப்பயறு, கீரை எல்லாத்தையும் குழைய வேக வச்சு மத்தில் கடைஞ்சு சாப்பிடற ஊர் எங்களுது. மூணாவது, நாலாவது வாரம் பூரா மிளகாயைக் குறைச்சு, மத்தில் ஒரு சுத்து கூட விட்டு, அதைத்தான் சாப்பிட்டேன்.

ஆனா கடைசலை நம்பி மட்டும் இருக்க முடியாது. ஒரு நாளைக்கு 60 கிராம் புரதமாவது வேணும், இல்லேன்னா கொழுப்போட சேர்ந்து தசையும் கரையும். காய்ஞ்ச பயறில் 100 கிராமுக்கு 22 கிராம் புரதம் இருக்குங்கிறது உண்மை. வெந்து தண்ணி குடிச்ச பயறில் 100 கிராம் எடுத்தா 7 கிராம்தான் இருக்கும். உங்க வயித்தில் அந்த 100 கிராமே இறங்காது. ஒரு முட்டையில் 6 கிராம், 50 கிராம் பன்னீரில் 9. முட்டை ஊரில் பொறந்துட்டு ஆபரேஷனுக்குப் பிறகு மூணு மாசம் முட்டை வாசனையே எனக்குப் பிடிக்கலை. ஆம்லெட் போட்டா வீட்டை விட்டே வெளியே போயிடுவேன். நாக்கும் மூக்கும் இப்படி மாறுறது நிறைய பேருக்கு நடக்கும், பெரும்பாலும் திரும்பி வந்துடும். அதுவரைக்கும் புரதப் பவுடர்தான் காப்பாத்துச்சு. வெனிலா வாசனை குமட்டினதால் வாசனை போடாததை வாங்கி, உப்பு போட்ட மோரில் கலக்கிக் குடிச்சேன். கொதிக்கிற பாலில் போட்டுடாதீங்க, திரிஞ்சு கட்டி கட்டியா ஆயிடும்.

இதில் ஒரு பொறி இருக்கு. முறுக்கு, மிக்சர், பிஸ்கட் எல்லாம் அடைக்கவே அடைக்காது. வாயில் போட்டா கரைஞ்சு, டீயோட வழுக்கிக்கிட்டுப் போயிடும். கறி அடைக்குது, மிக்சர் இறங்குது, அப்போ மிக்சர்தான் உடம்புக்கு ஒத்துக்குதுன்னு மனசு கணக்குப் போடும். நானே ரெண்டாவது வருஷம் அந்தக் கணக்கில் விழுந்து ஆறு கிலோ ஏறினேன். அடைக்கிற உணவை விட வழுக்குற உணவைப் பார்த்துத்தான் இப்போ நான் பயப்படறேன்.

இனிப்புக்கு வருவோம். மச்சினன் கல்யாணத்தில் ஒரு ஒப்புட்டும், அதாவது போளியும், ரெண்டு கரண்டி பாயாசமும். இருபது நிமிஷம் இருக்கும், நெஞ்சு படபடன்னு அடிச்சு, சட்டை நனைய வேர்த்து, வயித்தை முறுக்கி, காரின் பின் சீட்டில் போய்ப் படுத்துட்டேன். எல்லாரும் ஹார்ட் அட்டாக்னு ஓடி வந்தாங்க. இதுக்கு டம்பிங்னு பேர். சர்க்கரை மொத்தமா குடலுக்குள்ள இறங்கினதும், குடல் உடம்பில் இருக்கிற நீரை இழுக்கும். அதோட விளைவுதான் இத்தனையும். படுத்துக்கிட்டா அரை மணி, ஒரு மணியில் தணியும். நெஞ்சு வலியோட வந்தா டம்பிங்னு நீங்களே முடிவு பண்ணிடாதீங்க, டாக்டர்கிட்டே போயிடுங்க.

டம்பிங்ல இன்னொரு வகை, சாப்பிட்டு ஒரு மணியிலிருந்து மூணு மணி நேரம் கழிச்சு வரும். கை நடுக்கம், கண் இருட்டு, கொலைப் பசி. அது ரத்தத்தில் சர்க்கரை சரிஞ்சு போறது. குளுக்கோமீட்டரில் பார்த்து 70க்குக் கீழே இருந்தா குளுக்கோஸ் எடுத்துட்டு, பின்னாடியே பன்னீரோ முட்டையோ கொஞ்சம் சாப்பிடணும். ஏற்கனவே சர்க்கரை மாத்திரை போடறவங்க பழைய அளவிலேயே தொடரக் கூடாது. ஆஸ்பத்திரியில் கேட்டு மாத்திக்கோங்க.

பந்தி விவகாரத்தில் எனக்குப் பலிச்சது ஒண்ணுதான்: உக்காராம இருக்கிறது. உக்காந்துட்டா பரிமாறுறவங்க கையைத் தடுக்க முடியாது. ரெண்டு ஸ்பூன் சாப்பிட்டு இலையை மூடினா "சாப்பாட்டில் என்னங்க குறை?"ன்னு பொண்ணு வீட்டுக்காரரே வந்து நிப்பார். இப்போ வீட்டிலேயே சாப்பிட்டுட்டுப் போறேன், மொய் வச்சுட்டு, பந்தியில் இருக்கிறவங்களை விசாரிச்சுக்கிட்டே நடந்துடறேன். கேட்டா "வயித்துல ஆபரேஷனுங்க". அதுக்கு மேல யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

மாத்திரை ஆயுசுக்கும் உண்டு. பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி, இதோட எல்லாம் கலந்த வைட்டமின் ஒண்ணு. இரும்பையும் கால்சியத்தையும் ஒண்ணாப் போடாம ரெண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்க, இரும்பை டீயோட போடாதீங்க. மூணாவது மாசம் வாக்கில் முடி கொட்டும், பயப்படாதீங்க, வளரும். முட்டி வலிக்குதுன்னு மெடிக்கலில் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் வாங்கிப் போடற பழக்கம் பைபாஸ் பண்ணினவங்களுக்கு ஆகவே ஆகாது. அந்த இணைப்பில் புண் வந்துடும். பாராசிட்டமாலோட நிறுத்திக்கோங்க.

எப்போ பொறுத்துக்கக் கூடாதுங்கிறதை நான் கஷ்டப்பட்டுத்தான் கத்துக்கிட்டேன். ஏழாவது வாரம் கஞ்சி கூட நிக்கலை. வேகமா சாப்பிட்டிருப்பேன்னு என்னையே திட்டிக்கிட்டு அஞ்சு நாள் வீட்டில் கிடந்தேன். போய்ப் பார்த்தா இணைப்பு வாய் சுருங்கிப் போயிருந்துச்சு. எண்டோஸ்கோப்பியில் பலூன் விட்டு விரிச்சாங்க, அன்னிக்கு சாயந்திரமே மோர் இறங்குச்சு. அஞ்சு நாள் ஏன் வரலைன்னு டாக்டர் கேட்ட கேள்விக்கு என்கிட்டே பதில் இல்லை. ஒரு நாள் பூரா தண்ணி கூட நிக்கலைன்னா கிளம்பிடுங்க. வாந்தி தொடர்ந்தா உடம்பில் பி1 வைட்டமின் தீர்ந்து போய் நரம்பையே தாக்கும். பார்வை ரெண்டாத் தெரியறது, நடை தள்ளாடறது, கால் மரத்துப் போறது இதெல்லாம் வந்தா அன்னிக்கே போகணும். கறுப்பா மலம் போனாலும், காய்ச்சலோட கடுமையான வயித்து வலி வந்தாலும் அப்படித்தான்.

வீட்டில் இருக்கிறவங்களுக்கும் இது சுலபம் இல்லை. பையன் ஆறு ஸ்பூனோட எழுந்திரிக்கிறதை எங்கம்மாவால் தாங்க முடியலை. கரண்டியைக் கையில் வச்சுக்கிட்டே அடுப்படியில் நின்னு அழுதிருக்காங்க. "ஒரு வாய் சாமி, எனக்காக"ன்னு கேட்டு நான் சாப்பிட்டு, வாந்தி எடுத்து, அப்புறம் ரெண்டு பேரும் பேசாம உக்காந்திருந்த நாளும் உண்டு. பேசிப் புரிய வைக்க முடியலை. கடையிற வேலையையும் சின்னக் கிண்ணத்தில் அளந்து வைக்கிற வேலையையும் அவங்ககிட்டேயே விட்டுட்டேன். கை ஓயாம வேலை இருந்துச்சு, கரண்டி நீட்டறது மெல்ல நின்னுடுச்சு.

போன பொங்கலுக்கு எல்லாரும் ஒண்ணா உக்காந்தோம். அரிசிம்பருப்புச் சாதம், குழைய வச்சது. நாலாவது ஸ்பூன் எடுக்கிறேன், அம்மா என் முகத்தையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. "கைய எடு சாமி, மூக்கு ஒழுகுது பாரு"ன்னு கிண்ணத்தைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டாங்க.