மண்வெட்டிக்கு முன் மனு: மலையகச் சிறுதோட்டக்காரர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய தேயிலையைப் பிடுங்கியாயிற்று, குழி வெட்டியாயிற்று, கன்றுக்கு முற்பணமும் கட்டியாயிற்று. அதற்குப் பிறகுதான் "மீள்நடுகைக்கு மானியம் இருக்குதாமே" என்று சிறு தேயிலைத் தோட்ட அபிவிருத்தி அதிகார சபையின் அலுவலகத்தைத் தேடிப் போகிறவர்கள் ஏராளம். மலையகத்தில் அரச உதவி கை நழுவுவது பெரும்பாலும் தகுதி இல்லாததால் அல்ல, வேலையின் வரிசை மாறிப்போவதால்தான்.

வரிசை ஏன் அவ்வளவு முக்கியம்? மானியம் கொடுக்கிறவர் பழைய தேயிலை நின்ற நிலத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். பிடுங்கிய பிறகு அங்கே தேயிலை இருந்ததா, எத்தனை பேர்ச்சஸ் (ஏக்கருக்கு 160 பேர்ச்சஸ்) என்று எதை வைத்துச் சொல்வார்? ஆகவே முதலில் காணிப் பத்திரங்களோடு விண்ணப்பம், அடுத்து தேயிலைப் பரிசோதகரின் வருகை. அவர் சரிவையும் மண்ணின் ஆழத்தையும் புளிப்பையும் பார்ப்பார். அனுமதி கைக்கு வந்த பிறகே மண்வெட்டி. பணமும் ஒரே தடவையில் வராது. ஒவ்வொரு கட்ட வேலையையும் பார்த்துவிட்டுத் தவணையாக வரும். ஒரு கட்டத்தைத் தாண்டிக் குதித்தால் அடுத்த தவணை நின்றுவிடும்.

தாண்டிக் குதிக்கும் கட்டம் பெரும்பாலும் புல். பழைய தேயிலை போன மண்ணில் குவாத்தமாலாப் புல்லோ மானாப் புல்லோ நட்டு, 18 முதல் 24 மாதம் வரை வெட்டி வெட்டி அந்த மண்ணிலேயே பரப்ப வேண்டும். பல்லாண்டு காலம் ஒரே பயிர் நின்று இறுகிப்போன மண் இளகுவதும், வேரைத் தின்னும் நெமற்றோடுப் புழு குறைவதும் இந்தக் காலத்தில்தான். வருமானம் இல்லாத ஒன்றரை வருடம் யாருக்கும் கஷ்டம்தான். அதனால் சிலர் புல்லுக்குப் பதில் கோவாவும் பீட்ரூட்டும் போடுகிறார்கள். மரக்கறிக்குச் சுண்ணாம்பு போடாமல் முடியாது. சுண்ணாம்பு மண்ணின் பி.எச். அளவை ஏற்றிவிடும். தேயிலைக்கு வேண்டியதோ 4.5 முதல் 5.5 வரை. அதைத் தாண்டிய மண்ணில் வைத்த கன்று மஞ்சளடித்து நின்ற இடத்திலேயே நிற்கும். எவ்வளவு பசளை போட்டாலும் எழும்பாது.

கன்று வாங்கும்போது கணக்கும் தவறுகிறது. 4 அடிக்கு 2 அடி இடைவெளியில் நட்டால் ஒரு பேர்ச்சஸுக்கு 34 கன்று, ஏக்கருக்கு 5,445 என்று வரும். ஆனால் மழைத்தண்ணீர் ஓடும் கானுக்கும் நடைபாதைக்கும் இடம் போனால் ஏக்கருக்கு ஏறத்தாழ 5,000தான் பிடிக்கும். பட்டுப்போகும் கன்றுக்கு மாற்றாகப் பத்தில் ஒரு பங்கு சேர்த்து வாங்கினால் போதும். பதிவு செய்யப்பட்ட நாற்றுமேடையில் வாங்கிப் பற்றுச்சீட்டை எடுத்து வையுங்கள். நிழலில் வளர்ந்த கன்றை வெயிலுக்குப் பழக்கினார்களா என்று கேட்டுவிட்டே ஏற்றுங்கள். பழக்காத கன்று முதல் வெயிலிலேயே கருகும்.

காணிப் பத்திரத்தில் வரும் சிக்கல்

உறுதிக் காணி வைத்திருப்பவருக்குப் பிரச்சினை குறைவு. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரமோ அளிப்புப் பத்திரமோ வைத்திருப்பவர்கள் செய்யும் பெரிய தவறு, தங்களுக்குப் பின் காணி யாருக்கு என்ற பின்னுரித்தாளர் பெயரைப் பதியாமல் விடுவது. அப்பா காலமாகிவிட்டால் பிள்ளைகளுக்குள் பேசி முடிக்கும்வரை மானியமும் கடனும் அப்படியே கிடக்கும். 1935இல் வந்த அந்தச் சட்டத்தில் பின்னுரித்தில் ஆண் பிள்ளைக்கு முன்னுரிமை இருந்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அதை நீக்கிவிட்டது. மகளின் பெயரைப் பதியத் தயங்க வேண்டியதில்லை. பிரதேச செயலகத்துக் காணிப் பிரிவில் இன்றே கேட்கலாம்.

லயத்துக்குப் பின்னாலும் தேயிலை ஓரத்திலும் மரக்கறி செய்கிறவர்களின் நிலைமை வேறு. 1972இலும் 1975இலும் வந்த காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுக்குப் போயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கொடுக்கப்பட்டது. ஆகவே நீண்ட காலம் பயிர் செய்தால் மட்டும் காணி சொந்தமாகிவிடாது. "உறுதி எடுத்துத் தருகிறேன்" என்று காசு கேட்கும் தரகரை நம்புவது பெரிய தவறு. செய்யக்கூடியது இதுதான்: எந்த மலையில், எத்தனை பேர்ச்சஸ், எந்த ஆண்டிலிருந்து பயிர் செய்கிறீர்கள் என்று தோட்ட நிர்வாகத்திடம் கடிதம் வாங்குங்கள். அதன் பிரதியோடு கமநல சேவை நிலையத்துக்குப் போங்கள். எந்தத் திட்டத்தின் படிவத்திலும் "காணி உரிமையாளர்" என்று கேட்டிருக்கிறதா, "பயிர்ச்செய்கையாளர்" என்று கேட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டாவதாக இருந்தால், உறுதி இல்லை என்று நீங்களாகவே திரும்பி வந்துவிடக் கூடாது. இருநூறு வருடமாக இந்த மலைகளைப் பண்படுத்திய சனம் ஒரு காகிதத்துக்காகப் பசளை வரிசையின் கடைசியில் நிற்பது கொள்கையின் குறை, உங்கள் குறை அல்ல. அதைச் சொல்லியே கேளுங்கள்.

விளங்காத மொழியில் உள்ள படிவத்தில் கையெழுத்து வைக்கவும் வேண்டாம். தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. தமிழ்ப் படிவம் கேட்பது உரிமை, சலுகை அல்ல.

கான் வெட்டுவதில் ஒரு அங்குலம்

மலைச்சரிவில் பயிர் செய்கிறவர் மண்ணைக் காக்க வேண்டும் என்பதற்கு 1951ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க மண் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. நுவரெலியா, பதுளைச் சரிவுகளில் கழுவுண்ட மண் கடைசியில் போய்ச் சேருவது பொல்கொல்ல, ரந்தெம்பே போன்ற நீர்த்தேக்கங்களில். கான் வெட்டாதவர் இங்கே குறைவு. கானைக் கண்மட்டத்தில் வெட்டுகிறவர்தான் அதிகம், சேதமும் அங்கேதான்.

குறுக்குக் கானின் சரிவு 120க்கு 1 இருக்க வேண்டும், அதாவது 120 அடி நீளத்துக்கு 1 அடி இறக்கம். அதைவிடச் செங்குத்தானால் தண்ணீர் கானையே அரித்துக்கொண்டு போகும். மட்டமாகிவிட்டால் தேங்கி, கரையை உடைத்துக்கொண்டு கீழே உள்ள பாத்தியையும் இழுத்துச் செல்லும். கண்ணால் இதை அளக்க முடியாது. ஏழடிக் கம்பு இரண்டை உச்சியில் சேர்த்துக் கட்டி, கால்கள் 6 அடி இடைவெளியில் நிற்க, நடுவே ஒரு குறுக்குக் கட்டை அடித்து, உச்சியிலிருந்து நூலில் ஒரு கல்லைத் தொங்கவிடுங்கள். சட்டத்தை ஓரிடத்தில் நிறுத்தி நூல் தொடும் இடத்தைக் கட்டையில் குறியுங்கள். கால்களை இடம் மாற்றி வைத்து மறுபடி குறியுங்கள். இரண்டு குறிக்கும் நடுப்புள்ளிதான் மட்டம்.

இனி 6 அடிக்கு எவ்வளவு இறக்கம் வேண்டும்? 72 அங்குலத்தை 120ஆல் வகுத்தால் 0.6 அங்குலம், ஏறத்தாழ 15 மில்லிமீற்றர். அந்தத் தடிப்பில் ஒரு பலகைத் துண்டை ஒரு காலின் அடியில் ஆணியடித்துவிடுங்கள். நீண்ட கால் எப்போதும் தண்ணீர் போகும் திசையில் இருக்க வேண்டும். நூல் நடுப்புள்ளியில் நிற்கும் இடத்தில் முளை அடியுங்கள். பலர் தவறுவது அடுத்த அடியில்: சட்டத்தைச் சுழற்றி நடத்துகிறார்கள். சுழற்றினால் கால்கள் மாறி, ஒரு முளை இறங்கும், அடுத்தது ஏறும். சட்டத்தைத் தூக்கி, பின்காலை முன்கால் நின்ற குழியிலேயே வையுங்கள்.

கானுக்குள் இடையிடையே சிறு தடுப்பு மேடு விட்டால் வண்டல் அங்கே தங்கும். மழைக்காலம் தொடங்கும் முன் அதை அள்ளி மேல் பக்கத்துப் பாத்தியில் போடுங்கள். கீழ்ப்பக்கம் போட்டால் அடுத்த மழையில் ஆற்றுக்குப் போய்விடும். அடைத்த கானில் நிற்கும் தண்ணீர் மலைக்குள் இறங்கும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவில் லயங்கள் புதைந்ததை மலையகம் மறக்காது. 24 மணி நேரத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இருக்கவும், 100ஐத் தாண்டினால் எச்சரிக்கை, 150ஐத் தாண்டினால் வெளியேறவும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அளவு வைத்திருக்கிறது. நேரான சுவருள்ள போத்தல் ஒன்றும் ஓர் அடிமட்டமும் இருந்தால் வீட்டிலேயே அளந்துகொள்ளலாம்.

பசளையில் அவசரம்

2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது, நவம்பரில் தடை நீங்கியது. அதற்குள் தேயிலை அடிபட்டுவிட்டது. 2021இல் ஏறத்தாழ 299 மில்லியன் கிலோவாக இருந்த நாட்டு உற்பத்தி 2022இல் 251 மில்லியனாக விழுந்தது. அந்தக் காலத்தில் கிடைத்த எதையும் வாங்கி ஊற்றும் பழக்கம் வந்தது. பெயர் தெரியாத திரவம், பதிவு இலக்கம் இல்லாத பை, மக்காத கோழி எரு. பச்சைக் கோழி எரு சூடேறி இளம் வேரைச் சுடும், கிருமியையும் கொண்டுவரும். பையில் பதிவு விபரமும் ஊட்டச்சத்து வீதமும் இல்லாவிட்டால் வாங்க வேண்டாம்.

வாங்குவதற்கு முன் மண்ணைச் சோதியுங்கள். பசளை போட்டு இரண்டு மாதமாவது ஆன பிறகு, பாத்தியில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து 10 முதல் 15 இடத்தில், 6 அங்குல ஆழம் வரை மண் எடுங்கள். சுத்தமான பிளாஸ்டிக் வாளியில் கலந்து, நாலாகப் பிரித்து இரண்டைத் தள்ளி, மறுபடி கலந்து, கடைசியில் அரைக்கிலோ வரும்வரை குறையுங்கள். நிழலில் காயவைத்து அனுப்புங்கள். பசளைப் பையில் போட்டு அனுப்பினால் பையின் தூள்தான் முடிவில் தெரியும். நுவரெலியா மரக்கறிப் பாத்திகள் பலவற்றில் பொசுபரசு ஏற்கெனவே தேங்கிக் கிடக்கிறது. அதற்கு மேலும் போடுவது காசை ஓடையில் எறிவதுதான். சுண்ணாம்பு வகையான டொலமைற்றையும் அமோனியம் சல்பேற்றையும் ஒரே நாளில் சேர்த்துப் போடாதீர்கள். மூக்கைப் பிடிக்கும் வாடை எழும்பினால், உங்கள் நைதரசன் வாயுவாகிப் பறக்கிறது என்று அர்த்தம்.

கிழங்கு போடுகிறவர்கள் சாப்பாட்டுக் கிழங்கை விதைக்கு வைக்கக் கூடாது. நுவரெலியாவில் கிழங்கு நெமற்றோடுப் புழு ஏற்கெனவே இருக்கிறது. அதன் கூடுகள் மண்ணில் பல வருடம் கிடக்கும், சப்பாத்தில் ஒட்டிய மண்ணோடும் அடுத்த பாத்திக்குப் போகும். சான்றளித்த விதைக்கிழங்கையே வாங்குங்கள்.

மருந்தடிப்பதில் பேர்ச்சஸ் கணக்கு

லேபலில் அளவு ஹெக்டயருக்கு எழுதப்பட்டிருக்கும். அதை ஏக்கருக்கு என்று வாசிப்பதுதான் அதிகம் நடக்கும் பிழை. ஹெக்டயருக்கு 2 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஹெக்டயர் ஏறத்தாழ 395 பேர்ச்சஸ், ஆகவே 20 பேர்ச்சஸுக்கு 101 கிராம். ஏக்கர் என்று நினைத்தவர் 160ஆல் வகுத்து 250 கிராம் போடுவார். இரண்டரை மடங்கு.

அறுவடைக்கு முந்திய இடைவெளி 14 நாள் என்று இருந்தால், மருந்தடித்த மறுநாளிலிருந்து 14 நாள். லொறி நாளைக்கு வருகிறது என்பதற்காக லீக்ஸைப் பிடுங்கிவிடாதீர்கள். அதைச் சாப்பிடுவது யாருடைய பிள்ளையோ.

களைநாசினியில் கொள்கை மாறியதன் பாடம் தேயிலையில் கிடைத்தது. 2015இல் கிளைபோசேற் தடைசெய்யப்பட்டது. அதற்குப் பதிலாகச் சிலர் எம்.சி.பி.ஏ. என்ற வேறொரு களைநாசினியை அடித்தார்கள். அதன் எச்சம் அளவு மீறியதால் ஜப்பான் நம் தேயிலையைத் திருப்பியது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் கிளைபோசேற் மறுபடி அனுமதிக்கப்பட்டது. ஒரு மருந்து தடையானால் கடைக்காரர் எடுத்துத் தரும் மாற்று மருந்து உங்கள் பயிருக்குச் சிபாரிசு செய்யப்பட்டதா என்று லேபலில் பார்த்தே வாங்க வேண்டும். பரகுவாற், டைமெதொவேற், பென்தியன் எல்லாம் பல வருடத்துக்கு முன்பே தடைசெய்யப்பட்டவை. பழைய போத்தல் வீட்டுக் கூரையில் இருந்தால் பாவிக்காதீர்கள். எதைச் செய்வது என்று 1920 இலக்கத்துக்கு அழைத்து விவசாயத் திணைக்களத்தில் கேளுங்கள்.

மரம்

பலா, ஈரப்பலா இரண்டும் உங்கள் சொந்தக் காணியில் நின்றாலும் அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் அது. நிழல் மரங்களை வெட்டி ஏற்றுவதற்கு முன், அந்த இனத்துக்குப் போக்குவரத்து அனுமதி வேண்டுமா என்று வன அலுவலகத்தில் கேளுங்கள். சில இனங்களுக்கு விலக்கு உண்டு. லொறி பிடிபட்ட பிறகு கேட்டால் பயனில்லை.

கொழுந்துக் கணக்கு

தேயிலை ஆணையாளர் ஒவ்வொரு மாதமும் பச்சைக் கொழுந்துக்கு நியாய விலை அறிவிக்கிறார். அதன் சூத்திரம் எளிது: தேயிலைத் தூள் விற்ற வருமானத்தில் 68 வீதம் கொழுந்து கொடுத்தவருக்கு, 32 வீதம் தொழிற்சாலைக்கு. 100 கிலோ கொழுந்து 21.5 கிலோ தூள் தரும் என்று கணக்கு. தொழிற்சாலையின் சராசரி விற்பனை விலை கிலோவுக்கு 1,000 ரூபா என்றால், 1,000ஐ 0.215ஆலும் 0.68ஆலும் பெருக்குங்கள், கொழுந்து கிலோவுக்கு 146 ரூபா 20 சதம் வரும். இதைத் தெரியாமல் சேகரிப்பவர் சொன்ன விலைக்கு விற்பது ஒரு தவறு. நிறுக்கும்போது எடையில் வெட்டும் கழிவைக் கேள்வி கேட்காமல் ஏற்பது அடுத்த தவறு.

ஆனால் கழிவில் நம் பக்கத்துப் பிழையும் இருக்கிறது. இரண்டு இலையும் மொட்டுமாக எடுத்த நல்ல கொழுந்து 60 வீதத்துக்குக் குறைந்தால் கேட்க வாய் இருக்காது. பொலித்தீன் பையில் அமுக்கிக் கட்டிய கொழுந்து லொறி வருவதற்குள் சூடேறிச் சிவந்துவிடும். வலைப்பையில் தளர்வாகப் போட்டு நிழலில் தொங்கவிடுங்கள். நிறுக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். பையின் எடைக்கு எவ்வளவு, தண்ணீருக்கு எவ்வளவு என்று தனித்தனியாகச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். மூன்று மாதச் சீட்டையும் அந்த மாதங்களின் அறிவித்த விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, வித்தியாசம் தொடர்ந்து வந்தால் அந்தச் சீட்டுகளின் பிரதிகளோடு தேயிலை ஆணையாளரின் பிராந்திய அலுவலகத்துக்கு எழுத்தில் முறையிடுங்கள். மூலச் சீட்டுகளை மட்டும் யாரிடமும் கொடுக்காதீர்கள்.